தோட்டா வாங்க அடையாள அட்டை: புதுப்பிப்பு

அமெரிக்கக் கடைகளில் தோட்டாவுக்கு அடையாள அட்டை கேட்பது வயதைப் பார்க்க மட்டுமே என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். கூட்டாட்சிச் சட்டத்தளவில் சரிதான்: உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள், ஷாட்கன் (நீளத் துப்பாக்கிகள்) தோட்டாவுக்கு 18 வயது, கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21. குழப்பம் ரைஃபிள், கைத்துப்பாக்கி இரண்டிலும் போடக்கூடிய .22 அளவுத் தோட்டாவில், ரைஃபிளுக்குத்தான் என்று கடைக்காரருக்குத் திருப்தியானால் 18 போதும்.

கலிஃபோர்னியாவை விட்டுவிட்டேன், அது தப்பு. 2019 ஜூலை 1 முதல் அங்கே பின்னணிச் சோதனையும் (வாங்குபவருக்குச் சட்டத் தடை உண்டா என்று பார்ப்பது) உண்டு. பலரும் மாட்டுவது முகவரியில்: வீடு மாறி, ஓட்டுநர் உரிமத்தில் புதியதும் துப்பாக்கிப் பதிவில் பழையதுமாக இருந்தால் சோதனை நிராகரிக்கப்படும். மாநில அரசின் நீதித் துறையிடம் (Department of Justice) உள்ள பதிவை முதலில் திருத்துங்கள். ஓட்டுநர் உரிமத்தில் ‘ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை’ (கூட்டாட்சி வரம்புகள் பொருந்தும்) என்றிருந்தால் அது மட்டும் போதாது. கடவுச்சீட்டையோ பிறப்புச் சான்றிதழையோ கூடவே கொண்டுபோங்கள்.