புக்கிட் லாவாங் ஆற்றோர மனை: வாங்கலாமா, கூடாதா?

பினாங்கு_சேகரன்
பக்கத்து இழையில் செந்தில் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. அவர் வாக்கியம் இது:

//இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் புக்கிட் லாவாங் என்று ஒரு மழைக்காட்டு ஊர். ஆற்றைத் தொட்டபடி மனை, எதிர்க்கரையில் தேசியப் பூங்கா. கோவையில் ஒரு ஃபிளாட் விற்ற காசில் அங்கே விடுதியே கட்டலாம். பத்து வருடத்தில் ஐந்து மடங்கு உறுதி.//

என் மனைவி வட சுமத்ராத் தலைநகர் மேடான்காரி. மாமனார் வீடு அதை அடுத்த பிஞ்சாய் நகரில். புக்கிட் லாவாங்குக்கு நான் போய் வந்துகொண்டே இருப்பவன். செந்திலிடம் ஒரே கேள்வி: அந்த மனை ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர்?

2003 நவம்பர் 2ஆம் தேதி இரவு, நோன்பு மாதம். அந்த ஊரின் போஹோரோக் ஆற்றில் மரமும் பாறையுமாக வந்த திடீர் வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். கரையில் இருந்த விடுதி, கடை, பாலம், பள்ளிவாசல் எல்லாம் போயின. "ஆற்றைத் தொட்டபடி" என்று எழுதக் கை எப்படி வந்தது?

செந்தில்_கோவை
அண்ணே, பாலி இழையில் நான் உங்களை மறுத்துப் பேசியது இன்னும் நெஞ்சில் இருக்கிறது என்று தெரிகிறது. இருக்கட்டும்.

2003 நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறம் அதே கரையில் எத்தனை விடுதிகள் வந்துவிட்டன! ஜூலை, ஆகஸ்டில் ஜெர்மன்காரரும் டச்சுக்காரரும் நிரம்பி வழிகிறார்கள். மேடானிலிருந்து பிஞ்சாய்க்கு டோல் சாலையும் வந்துவிட்டது. மேடானில் இருந்து மூன்றே மணி நேரம். இவ்வளவு பேர் பணம் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் முட்டாளா?

முத்து_கிள்ளான்
மூன்று மணி நேரமா? டோல் உங்களைப் பிஞ்சாயில் இறக்கிவிடும். அப்புறம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சாலை. குலை ஏற்றிய லாரிகள் போட்ட குழியில் கார் நீந்தித்தான் போக வேண்டும். நான்குக்குக் குறையாது.

செந்தில்_கோவை
நான் போனபோது மூன்று.

முத்து_கிள்ளான்
எந்த வருடம்? மழைக்காலமா, வெயில் காலமா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மேடான் கூட்டம் திரும்பும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

பினாங்கு_சேகரன்
முத்து, மணி நேரத்தை விடு. செந்தில் இன்னும் பதில் சொல்லவில்லை. எத்தனை மீட்டர்?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தோனேசியப் பொதுப்பணி அமைச்சின் 2015ஆம் வருட விதி இருக்கிறது. நகரத்துக்கு வெளியே, கரைச்சுவர் கட்டாத ஆறு என்றால் சின்ன ஆற்றுக்கு 50 மீட்டர், பெரிய ஆற்றுக்கு 100 மீட்டர் கட்டடம் கட்டாமல் ஒதுக்கு விட வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதி 500 சதுர கிலோமீட்டரைத் தாண்டினால் பெரிய ஆறு. எப்படிப் பார்த்தாலும் 50க்குக் கீழே பேச்சே இல்லை.

செந்தில்_கோவை
அப்படியென்றால் இன்றைக்கு அங்கே நிற்கிற விடுதிகள் எல்லாம் ஆகாயத்தில் நிற்கின்றனவா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் ஆற்றுச் சாரல் முகத்தில் அடிக்கிறது. பத்து மீட்டர்கூட இருக்காது. யாரும் இடிக்கவில்லையே.

பினாங்கு_சேகரன்
2011ஆம் வருட ஆற்று ஒழுங்குமுறையைப் படியுங்கள். ஒதுக்குப் பகுதிக்குள் ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை இருந்தபடி வைத்து, படிப்படியாக ஒழுங்குபடுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. பழையவன் எப்படியோ தப்பிக்கிறான். புதிதாகக் கோவையிலிருந்து வருகிறவனுக்குக் கட்ட அனுமதி யார் தருவார்? மறுபடியும் கேட்கிறேன், எத்தனை மீட்டர்?

தேன்மொழி
இருவரும் மீட்டரிலேயே நிற்கிறீர்கள். நான் மாணவியாக இருந்தபோது அந்தக் காட்டோரத்தில் குரங்கினக் கணக்கெடுப்பில் வேலை செய்தவள். அந்த ஊர் மனை வியாபாரத்தில் வளர்ந்த ஊர் இல்லை. 1973இல் இரண்டு சுவிஸ் பெண் விஞ்ஞானிகள் ஓராங்குட்டான் மறுவாழ்வு மையம் தொடங்கினார்கள். அதைப் பார்க்க வந்த கூட்டத்தால் வளர்ந்த ஊர். சுமத்ரா ஓராங்குட்டான் மொத்தமே ஏறக்குறைய 14,000தான் மிச்சம். எதிர்க்கரையில் இருக்கும் குனுங் லெய்சர் தேசியப் பூங்கா உள்ளிட்ட சுமத்ரா மழைக்காடுகள் 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, 2011இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போயின. காட்டை ஒட்டி இன்னும் இருபது விடுதி வந்தால் அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கும்?

செந்தில்_கோவை
நல்ல கேள்வி அக்கா. ஆனால் விடுதி வந்தால்தானே ஊர்க்காரனுக்கு வேலை? இல்லையென்றால் அவனும் எண்ணெய்ப்பனை நடத்தான் போவான். காணொளியில் ஓராங்குட்டான் பால்கனிக்கே வருகிறதே, அதற்கு மனிதர் மேல் பயமே இல்லை.

தேன்மொழி
பயம் இல்லாததுதான் பிரச்சினையே! நம் சளி, காய்ச்சல் அதற்குத் தொற்றும். 2015இல் ஓராங்குட்டானுக்கு உணவு வைக்கும் மேடையையே நிறுத்தினார்கள். பால்கனிக்கு வந்தால் விளம்பரமாக நினைக்கிறீர்களே, எனக்கு வயிறு எரிகிறது.

பினாங்கு_சேகரன்
தேன்மொழி சொல்வது சரிதான், ஆனால் செந்தில் நழுவுவதற்கு அது வசதியாகப் போய்விட்டது. நான் விடப்போவதில்லை.

அங்கே மனை என்று காட்டுவார்களே, அந்தத் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஒருவர் காட்டினார். பிளாஸ்டிக் உறையில் நான்காக மடித்த காகிதம். கிராமத் தலைவர் கையெழுத்து, வட்டார அதிகாரியான சாமாட் முத்திரை, 6,000 ரூப்பியா வரி வில்லை. நான்கு எல்லையில் ஒன்று "ஆறு". அவ்வளவுதான். 2003இல் கரையே அரித்துக்கொண்டு போன ஊரில் ஆற்றை எல்லையாக எழுதின தாளை வைத்து எந்த மீட்டரை அளப்பீர்கள்? நில அலுவலகமான பிபிஎன் தரும் சான்றிதழ் வேறு, இந்த சாமாட் தாள் வேறு.

செந்தில்_கோவை
சாமாட் தாளைச் சான்றிதழாக மாற்ற வழி இருக்கிறது. செலவாகும், நாளாகும். அதற்குத்தான் விலை மலிவு.

ரவி_சிங்கை
யார் பெயரில் மாற்றுவீர்கள் செந்தில்? 1960 நிலச் சட்டம் 21ஆவது பிரிவுப்படி முழு உரிமையான ஹக் மிலிக் இந்தோனேசியக் குடிமகனுக்குத்தான். நானும் லொம்போக் தீவில் நண்பன் ஒருவன் பெயரில் வாங்கி வைத்தேன். அவன் மனைவி வீட்டார் வந்து நின்றபோது என் கையில் இருந்த ஒப்பந்தம் ஒன்றுக்கும் உதவவில்லை. 26ஆவது பிரிவு அப்படி வாங்கியதையே செல்லாது என்கிறது, நிலம் அரசுக்குப் போகும் என்கிறது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

செந்தில்_கோவை
உங்கள் நண்பன் சரியில்லை என்பதற்காக நாடே சரியில்லை என்று ஆகிவிடாது. நான் பினாமி பேசவில்லை. வெளிநாட்டு முதலீட்டு கம்பெனி தொடங்கினால் கட்டட உரிமை 30 வருடம், அப்புறம் 20, அப்புறம் 30. எண்பது வருடம் போதாதா?

பினாங்கு_சேகரன்
அந்தக் கம்பெனிக்குக் காட்ட வேண்டிய முதலீடு நிலமும் கட்டடமும் சேர்க்காமல் 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல். இந்தியக் காசில் 5 கோடிக்குக் குறையாது. எந்தக் கோவை ஃபிளாட்டை விற்கிறீர்கள்? ஐந்து கோடியைக் கொட்டிவிட்டு, 50 மீட்டருக்குள் செங்கல் வைக்க முடியாமல் நிற்பீர்கள்.

முத்து_கிள்ளான்
வாழ்க்கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் சத்தம். பக்கத்து ஊர் போஹோரோக்கில் இருப்பது சுகாதார நிலையம்தான். நெஞ்சு வலித்தால் பிஞ்சாய்க்கோ மேடானுக்கோ ஓட வேண்டும், அதே நான்கு மணி நேரம்.

செந்தில்_கோவை
மூன்று.

தேன்மொழி
2020இல் எல்லையை மூடியபோது அங்கே ஒரு வெள்ளைக்காரர் இல்லை. வழிகாட்டிகள் மறுபடி ரப்பர் வெட்டப் போனார்கள். அவர்களுக்கு அந்தத் தோட்டம் இருந்தது, பிழைத்தார்கள். நீங்கள் அந்தத் தோட்டத்தைத்தான் வாங்கி விடுதி கட்டலாம் என்கிறீர்கள். விற்றவன் அடுத்த தடவை எங்கே போவான்? பெசிதாங் பக்கம் பூங்காவுக்குள்ளேயே புகுந்து பனை நட்ட தகராறு வருடக்கணக்காக ஓடுகிறது. அப்படித்தான் போவான்.

செந்தில்_கோவை
விற்பவன் விருப்பத்தோடு விற்கிறான். அவனுக்காக நீங்கள் ஏன் முடிவெடுக்கிறீர்கள்?

சேகரன் அண்ணே, மற்றவனுக்குச் சட்டம் சொல்கிறீர்களே, பழைய இழையில் நீங்களே எழுதினீர்கள், மேடானில் உங்கள் மனைவி பெயரில் நிலம் இருக்கிறது என்று. வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டவர் பெயரில் ஹக் மிலிக் எப்படி இருக்கிறது? அங்கே கணவன் மனைவி சொத்து பொதுச்சொத்துதானே?

பினாங்கு_சேகரன்
என் குடும்பத்தை இழுக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் எழுதியாயிற்று, நோட்டரி முன்பு. சட்டப்படி சுத்தம். அப்படி எழுதாதவர்களுக்கும் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கல்யாணம் ஆன பிறகும் எழுதலாம். தெரிந்துகொண்டு பேசுங்கள்.

இதையெல்லாம் கிளறுவது எதற்கு என்று எல்லோருக்கும் தெரிகிறது. மீட்டரைச் சொல்ல முடியவில்லை.

செந்தில்_கோவை
அப்போது உங்களுக்கு ஒப்பந்தம் எழுதினால் சுத்தம், நான் எழுதினால் ஏமாற்றா?

ரவி_சிங்கை
இரண்டும் ஒன்றா செந்தில்? அவர் மனைவி குடிமகள்.

செந்தில்_கோவை
ரவி, உங்கள் கதையை நீங்கள் மூன்று இழையிலும் எழுதிவிட்டீர்கள். மனை இன்னும் விலைக்கு இருக்கிறது. அடுத்த மாதம் நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

பினாங்கு_சேகரன்
போகும்போது அளவு நாடா எடுத்துப் போங்கள். கரையிலிருந்து நூறு மீட்டர் நடந்து காட்டுங்கள், நடந்த இடம் முழுக்க யாருடைய ரப்பர்த் தோட்டம் என்றும் கேளுங்கள்.

முத்து_கிள்ளான்
மேடானில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள் செந்தில்.

தேன்மொழி
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

செந்தில்_கோவை
சொன்னேன் அக்கா. நீங்கள் ஏற்கவில்லை.