எட்டாம் வகுப்பையே பார்க்காமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கணக்கு ஆசிரியை, தருமபுரி மாவட்டம் (நவம்பர் 2021)

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது என் ஒன்பதாம் வகுப்பில் வந்தமர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகளிலிருந்து மாற்றுச் சான்றிதழ் பெற்று வந்தவர்கள். அவர்கள் கடைசியாக ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தது 2020 மார்ச்சில், ஏழாம் வகுப்பில். கடந்த பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தபோதும் இவர்கள் எட்டாம் வகுப்பில் இருந்ததால் அந்தச் சில வாரங்கள்கூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதாவது, எட்டாம் வகுப்பு என்பது இவர்களுக்குச் சான்றிதழில் மட்டுமே இருக்கிறது.

பல்லுறுப்புக்கோவையைத் தொடங்கிய முதல் நாளிலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. –3 – 5 என்று கரும்பலகையில் எழுதிக் கேட்டால், "இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல், ஆகவே 8" என்று ஒரே குரலில் விடை வருகிறது. பெருக்கலுக்கு உரிய விதி நினைவில் தங்கியிருக்கிறது. அது எங்கே பொருந்தும் என்பது மறந்துவிட்டது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்கள், அது பொய்யன்று. ஆனால் தொலைக்காட்சியில் வரும் ஆசிரியரிடம் "ஏன் 8 இல்லை?" என்று யாரும் கேட்க முடியாது.

என் கேள்விகள் இரண்டு. முதலாவது, ஏழாம் வகுப்பு முழுக்களுக்கே (மிகை, குறை முழு எண்களுக்கே) திரும்பிச் சென்று அடித்தளம் போடுவதா, அல்லது அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுத இருப்பவர்கள் என்பதை மனத்தில் கொண்டு பாடத்திட்டத்தோடு ஓடுவதா? மழைக்கால விடுமுறைகளில் நாள்கள் வேறு கழிந்துகொண்டிருக்கின்றன. இரண்டாவது, பெயர்ப் பட்டியலில் இருந்தும் இன்றுவரை பள்ளிக்கே வராதவர்களை எப்படி அழைத்து வருவது? சென்ற மாதம் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. ஒரு வகுப்பு மேலே போய்விட்ட காரணத்தால் என் பிள்ளைகள் அதிலும் சேர மாட்டார்கள்.

மறுமொழி 1: தமிழாசிரியர், இராமநாதபுரம் மாவட்டம்

வணக்கம் அம்மா. கணக்கைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கணக்கிலும் தமிழிலும் ஒன்றுபோலத் தடுக்கி விழவைக்கும் ஒன்றை நான் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கை எழுதவில்லை. ஒரு பத்தியைக் கரும்பலகையிலிருந்து எழுதி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது என்று பேனாவைக் கீழே வைக்கிறார்கள். பதினேழு மாதங்களாக அவர்கள் செய்த எழுத்து வேலை என்னவென்று யோசித்துப் பாருங்கள்: வாட்ஸ்ஆப் குழுவில் நாம் அனுப்பிய கேள்விகளுக்கு, நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி எழுதிப் படம் எடுத்து அனுப்பிய விடையைப் பார்த்து எழுதினார்கள், அல்லது அதுவும் எழுதாமல் அதே படத்தையே நமக்கு அனுப்பினார்கள். (ஒரே கையெழுத்தில் ஒன்பது பேரின் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டவன் நான். யாரையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுநாள் அந்த ஒன்பது படங்களும் வந்திருக்க மாட்டா.)

ஆகவே நான் செப்டம்பர் முழுவதும் இலக்கணத்தை ஒத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு பாடவேளையின் முதல் பத்து நிமிடமும் சொல்வதை எழுதுதல் மட்டுமே நடத்தினேன். பிழை திருத்தினேன், மதிப்பெண் இடவில்லை. முதல் வாரம் ஐந்து வரி, மாத இறுதியில் ஒரு பக்கம். பேனா பிடிக்கும் பழக்கம் திரும்பிய பிறகே, ஒரு கேள்வியை மனத்தில் நிறுத்திப் படிப்படியாக விடை எழுதும் பொறுமையும் திரும்பியது. உங்கள் கணக்கிலும் விடையை வாயால் வாங்காமல், படிகளை எழுதி வாங்கிப் பாருங்கள். 8 என்று கத்துகிறவர்களில் சிலர், எண்கோட்டை வரைந்து எழுதச் சொன்னால், –8 என்று தாமே திருத்திக்கொள்ளக்கூடும்.

மறுமொழி 2: ஒரு தாய், விசைத்தறித் தொழிலாளி, குமாரபாளையம்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும், ஏனெனில் அப்படி வராமல் இருந்த பிள்ளைகளில் என் மகனும் ஒருவன். எங்கள் வீட்டில் ஒரே கைப்பேசி; அதுவும் என் கணவரோடு தறிக்குப் போய்விடும். இணைய வகுப்பு காலையில், கைப்பேசி வீடு வருவது இரவில். இரண்டு மாதம் அப்படிப் போனபின் அவன் குழுவைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். ஊரடங்கில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டியிருந்தபோது, சும்மாதானே இருக்கிறான் என்று நாங்களே அவனைத் தறிக்கு நூலைத் தார் சுற்றும் வேலைக்கு அனுப்பினோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைப்பதில் பயனில்லை.

பள்ளி திறந்தபிறகும் அவன் போகாததற்குப் பணம் மட்டும் காரணமன்று. "போகாமலே எட்டு பாஸ், ஒன்பதும் அப்படியே போடுவார்கள்" என்றான். எல்லோருக்கும் தேர்ச்சி என்று அறிவித்தது அந்த நேரத்தில் வேறு வழியில்லாமல்தான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிக்குப் போவதும் போகாததும் ஒன்றுதான் என்று ஒரு பதினான்கு வயதுப் பையன் அதிலிருந்து கற்றுக்கொண்டான். அதைவிட, உள்ளே ஒரு பயமும் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும், தனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று நினைத்திருக்கிறான்.

அவனை அழைத்துப் போனவர் வகுப்பாசிரியர்தான். இரண்டு முறை வீட்டுக்கு வந்து எங்களிடம் பேசிப் பயனில்லாமல் போனார். மூன்றாவது முறை தறிக்கூடத்துக்கே வந்து, அவனிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கபடி அணிக்கு ஆள் குறைகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை அவனே சீருடையைத் தேடினான். கால்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

மறுமொழி 3: பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

தமிழாசிரியர் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. ஒரு மாதம் முழுவதும் பழைய பாடத்துக்கே ஒதுக்குவது மொழிப்பாடத்துக்குச் சரிவரலாம், கணக்குக்கு வராது. ஏழாம் வகுப்பிலிருந்து வரிசையாகத் தொடங்கினால், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பதற்குள் ஆண்டு முடிந்துவிடும், அதோடு நன்றாகப் படிப்பவர்கள் சலித்துப் போவார்கள். அன்றைய பாடத்துக்கு எந்தப் பழைய கருத்து தேவையோ அதை மட்டும் அன்றே எடுங்கள். பல்லுறுப்புக்கோவைகளைக் கழிக்கும் நாளில் மிகை, குறை எண்களின் கழித்தல்; காரணிப்படுத்தும் நாளில் (a + b)² போன்ற எட்டாம் வகுப்பு முற்றொருமைகள். வடிவியலுக்குப் போகும்போது இந்தப் பள்ளம் இவ்வளவு ஆழமாக இராது.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகள் கடைசியாக எழுதிய முழுஆண்டுத் தேர்வு 2019 ஏப்ரலில், ஆறாம் வகுப்பில். ஏழிலும் எட்டிலும் அந்தத் தேர்வே இல்லை. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியவர்கள் இவர்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்த ஆண்டு செய்ததுபோல், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50, பதினொன்றில் 20, பன்னிரண்டில் 30 விழுக்காடு என்று கூட்டிக் கொடுக்கும் நிலை மீண்டும் வந்தாலும்கூட, அதற்கும் முந்தைய மதிப்பெண் ஒன்று வேண்டுமல்லவா? எனவே அரை மணி நேர அலகுத் தேர்வில் தொடங்கி, மாதந்தோறும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

வராத பிள்ளைகளைப் பற்றி அந்தத் தாய் எழுதியதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிறைந்தவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதை மட்டுமே தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். அதிகாரியிடம் புகார் எழுதுவதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஊர்க்காரர்களை உடன் அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் போவது விரைவில் பலன் தரும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. படிகளை எழுதி வாங்கும் யோசனையை நேற்றே செய்து பார்த்தேன். எண்கோடு வரையச் சொன்னதும் வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாங்களாகவே –8 என்று மாற்றிக்கொண்டார்கள். மீதிப்பேருக்கு எண்கோடே வரையத் தெரியவில்லை. ஆகவே தலைமையாசிரியர் ஐயா சொன்னபடி அதை மட்டும் முதல் இருபது நிமிடம் எடுத்துவிட்டு, அதே பாடவேளையில் பல்லுறுப்புக்கோவைக்குத் திரும்பினேன்.

குமாரபாளையத்து அம்மாவுக்கு: எங்கள் பள்ளியில் கபடி அணி இல்லை, விளையாட்டு ஆசிரியர் பணியிடமும் காலியாக இருக்கிறது. ஆனால் வராதவர்களில் இருவர் நன்றாகப் பறை அடிப்பார்கள் என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துச் செல்லப் போவதில்லை.