டெத் பரேடு 12ஆம் எபிசோடு: தமிழ் சப்டைட்டிலுக்கு உதவி தேவை

(முடிவு தெரிய வேண்டாதவர்கள் கடந்துவிடவும்.)

மேட்ஹவுஸ் ஸ்டுடியோ தயாரித்த 2015 ஜப்பானிய அனிமே தொடரின் கடைசி எபிசோடு இது. உயிரை மாய்த்துக்கொண்ட ஸ்கேட்டிங் வீராங்கனை சியுகி, தன் வீட்டையும் அம்மாவையும் பார்க்கிறாள். பட்டனை அழுத்தினால் திரும்பப் பிழைக்கலாம். பதிலுக்கு முகம் தெரியாத ஒருவர் சாவார். அவள் அழுத்தவில்லை. அம்மாவின் அழுகைக்கு நடுவே வரி போட்டால் காட்சி செத்துவிடும், அங்கே காலியாகவே விட்டிருக்கிறோம்.

சிக்கல் சொற்களில்தான். இறந்தவர்களுக்குத் தீர்ப்பளிக்கும் 'சைதெய்ஷா' என்பதற்கு 'நடுவர்' போதுமா? கிரிக்கெட் வாடை அடிக்கிறதே! மறுபிறவிக்கு எதிரான தீர்ப்பு, அதாவது ஒன்றுமில்லாமல் போவது, 'கியோமு'. அதற்குச் 'சூனியம்' என்றால் பில்லி சூனியம் நினைவுக்கு வரும், 'வெறுமை' என்றால் வெறும் மனச்சோர்வு. 'பாழ்' பொருந்துகிறது, ஆனால் இன்றைய காதுக்குப் புரியுமா?

லிஃப்டில் சியுகி விடைபெறும்போது 'போறேன்' என்று தமிழில் சொல்ல மாட்டோம். 'போயிட்டு வர்றேன்' என்றால் மேலே தொங்கும் வெள்ளை முகமூடியின் பொருளும், அதாவது மறுபிறவியும், அதிலேயே வந்துவிடுகிறது. அளவு மீறலா?

டைமிங் பார்க்க முன்வருபவர்கள் கவனிக்க: வீடியோ நொடிக்கு 23.976 ஃபிரேம். சப்டைட்டில் ஃபைலை 25 ஃபிரேமில் வைத்தால் பத்தாவது நிமிடத்தில் வரிகள் சுமார் 25 நொடி முந்திவிடும். தமிழ் எழுத்து சிதையாமலிருக்க யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் சேமிக்கவும். 'கொ', 'கௌ' பிரிந்து தெரிந்தால் ஃபாண்டோடு பிளேயரையும் மாற்றிப் பாருங்கள்.