701 சூப்பர்ஜெட்: 84 மி.மீ போரா, ஸ்ட்ரோக்கர் கிராங்க்கா?

அலைக்கோடு (கேள்வி)

யமஹா சூப்பர்ஜெட் (நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீ), 62டி வகை டூ-ஸ்ட்ரோக் மோட்டார், இரட்டை 38 மி.மீ மிகுனி கார்புரேட்டர். எக்ஸாஸ்ட் பைப்பும் சிலிண்டர் ஹெட்டும் கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றன. சிலிண்டரில் கீறல் விழுந்திருப்பதால் எப்படியும் கழற்றியாக வேண்டும். கழற்றுகிற கையோடு சிசியையும் கூட்டிவிடலாமா என்று யோசனை. மூன்று வழி தெரிகிறது: இதே சிலிண்டரை 82 மி.மீ வரை போர் அடிப்பது (உள்விட்டத்தைக் குடைந்து பெரிதாக்குவது), யமஹா 760 மோட்டாரின் 84 மி.மீ சிலிண்டரைப் போடுவது, 4 மி.மீ கூடுதல் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள ஸ்ட்ரோக்கர் கிராங்க் போடுவது. திராட்டிலைத் திருப்பியதும் எழும்பும் இழுவைதான் வேண்டும், உச்ச வேகம் இரண்டாம்பட்சம். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஓட வேண்டும். எதை எடுப்பது, கூடவே எவற்றை மாற்ற வேண்டும்?

இரட்டைப்பிஸ்டன்

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் மோட்டார் போர் 81 × ஸ்ட்ரோக் 68 மி.மீ, அதாவது இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து 701 சிசி. 82-க்குப் போர் அடித்தால் 718. வெறும் 17 சிசி! அது பழுது பார்க்கும் வேலை, சக்தி கூட்டும் வேலை அல்ல. அந்த எண்ணத்தோடு போர் அடிக்காதீர்கள். 760 சிலிண்டர் 84 × 68, அதாவது 754. ஸ்ட்ரோக் ஒன்றே என்பதால் உங்கள் கிராங்க் அப்படியே ஒத்துவரும். 84-உடன் 72 மி.மீ ஸ்ட்ரோக்கும் சேர்ந்தால் 798.

நீங்கள் கேட்கும் இழுவைக்கு 754 போதும். ஸ்ட்ரோக்கரை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். ஸ்ட்ரோக் 4 கூடினால் பிஸ்டன் மேலே 2 மி.மீ கூடுதலாக ஏறும், கீழே 2 மி.மீ கூடுதலாக இறங்கும். அப்படியே பூட்டினால் ஹெட்டில் இடித்துவிடும். அதனால் சிலிண்டருக்கு அடியில் 2 மி.மீ தகடு வைக்க வேண்டும். தகடு வந்தால் பேஸ் கேஸ்கெட் (சிலிண்டருக்கு அடியிலுள்ள அடைப்புத் தாள்) இரண்டாகும், காற்றுக் கசியும் இடமும் இரட்டிக்கும். போர்ட்டுகள் (சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்) சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். இழுவை மேல் ஆர்பிஎம் பக்கம் நகர்ந்துவிடும், அது நீங்கள் கேட்டதற்கு நேர் எதிர். கனெக்டிங் ராட் கிராங்க்கேஸில் உரசாமல் சுற்றுகிறதா என்றும் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும்.

சிலிண்டரைக் கிராங்க்கேஸில் வைக்கும்முன் இரண்டின் டிரான்ஸ்ஃபர் வாய்களையும் (பெட்ரோல்-காற்றுக் கலவை கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்கு ஏறும் வழி) பேஸ் கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்து ஒப்பிடுங்கள். கிராங்க்கேஸ் வாய் சிறியதாக இருந்து படி விழுந்தால், புதிய கலவை அந்தப் படியில் முட்டிக்கொண்டு நிற்கும். பெரிய சிலிண்டர் வாங்கிய காசின் பலன் அங்கேயே போய்விடும்.

ஸ்க்விஷ்மணி

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 84 போட்டு மோட்டார் உடைவது பெரும்பாலும் ஹெட் பக்கத்தில்தான்.

81-க்கான ஹெட்டையும் கேஸ்கெட்டையும் 84 சிலிண்டரில் வைக்கவே கூடாது. கேஸ்கெட்டின் உள்விளிம்பு சுற்றிலும் ஒன்றரை மி.மீ எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த விளிம்பு பழுத்துச் சிவந்து, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். 84-க்கான டோமும் (ஹெட்டின் எரியறைப் பகுதி) அதற்கேற்ற கேஸ்கெட் அல்லது ஓ-ரிங்கும் வேண்டும்.

ஸ்க்விஷ், அதாவது மேல் உச்சியில் பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி, அதை அளக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2 மி.மீ ஈயக்கம்பியை இரண்டு துண்டு எடுத்து, பிஸ்டன் பின் இருக்கும் அச்சின் இரு முனையிலும் சிலிண்டர் சுவரைத் தொடும்படி கிரீஸால் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பிஸ்டன் சாய்ந்துகொண்டு பொய் அளவு காட்டும். கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி, கையால் மேல் உச்சியைத் தாண்டிச் சுற்றி, கழற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளங்கள். 1.1-லிருந்து 1.3 மி.மீ நல்லது. 1.0-க்குக் கீழே போனால் உச்ச ஆர்பிஎம்மில் ராட் நீண்டு பிஸ்டன் தொட்டுவிடும். 1.8, 2.0 என்று அகலமானால் ஓரத்தில் தங்கும் கலவை குளிராமல் தானே வெடிக்கும். பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க ஓரத்தில் மணல் அரித்ததுபோலக் குழி விழுந்திருந்தால் அதுதான் காரணம்.

கம்ப்ரஷன் 175 முதல் 180 பிஎஸ்ஐக்குள் நின்றால் 95 ஆக்டேன் தாங்கும். 200-ஐத் தொட்டால் ரேஸ் எரிபொருள்தான்.

போர் அடித்துத் தரும் கடைக்காரரிடம் போர்ட் விளிம்புகளை மழுக்கித் தரச் சொல்லுங்கள். போர் அடித்த விளிம்பு கத்திபோல இருக்கும், ரிங் அதில் மாட்டி உடையும். சிறு அரத்தால் அரை மி.மீ அளவுக்குச் சாய்த்து மழுக்கிய பிறகே கடைசி ஹோனிங் (சுவரை உரசிச் சீராக்குவது). ரிங்கின் இரு முனைகளுக்கும் உள்ள இடைவெளி 84-க்குச் சுமார் 0.35 மி.மீ. பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைப் பிஸ்டன் பெட்டியில் இருக்கும் தாளில் பாருங்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரியும், அதற்குக் கூடுதல் இடம் வேண்டும். நெருக்கமாக அடித்தால் பிஸ்டனில் நான்கு மூலையிலும் கீறல் வரும்.

பம்ப்புக்குள்

இரண்டு பேரும் மோட்டாரோடு நிறுத்திவிட்டீர்கள். கூடிய சக்தி தண்ணீரில் இறங்கினால்தானே இழுவை?

பழைய இம்பெல்லரோடு (தண்ணீரைத் தள்ளும் பம்ப் சுழலி) புது மோட்டாரை ஓட்டினால் ஆர்பிஎம் வீணாக ஏறும். அதன் பிட்ச்சை (இதழ்களின் சாய்வை) ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 200 ஆர்பிஎம் குறையும், அந்தக் கணக்கை வைத்து ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிப் பாருங்கள். இம்பெல்லர் நுனிக்கும் வேர் ரிங்குக்கும் (இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வளையம்) இடையே ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ இருந்தால் நல்லது. 0.6-ஐத் தாண்டினால் தண்ணீர் பின்னோக்கி வழிந்து காவிடேஷன் (தண்ணீரில் குமிழி உண்டாகிப் பிடிப்பு போவது) வரும். மோட்டார் கத்தும், வண்டி நகராது. பம்ப்புக்கும் ஹல்லுக்கும் இடையிலுள்ள சீல் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

மோட்டாரைப் பூட்டியதும் லீக் டெஸ்ட் கட்டாயம். இன்டேக், எக்ஸாஸ்ட், பல்ஸ் குழாய் எல்லாவற்றையும் அடைத்து 8 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். பேஸ் கேஸ்கெட், கிராங்க் சீல், ரீட் பிளாக் (கலவை உள்ளே வரும் ஒருவழி வால்வு) மூன்றையும் முதலில் பாருங்கள். அங்கே காற்று உள்ளே இழுத்தால் ஒரு சிலிண்டர் மட்டும் லீனாகி (பெட்ரோல் குறைந்து) சீஸ் ஆகும் (பிஸ்டன் இறுகி நின்றுவிடும்). கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) எவ்வளவு மாற்றினாலும் அது சரியாகாது.

38 கார்புரேட்டர் 754-க்கும் ஓடும், கீழ் இழுவைக்கு அது நல்லதும்கூட. 44 மி.மீ கார்புரேட்டருக்கு இப்போதே போக வேண்டியதில்லை. மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக வைத்து ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) தொடங்கி, முழுத் திராட்டிலில் ஓட்டி அப்படியே நிறுத்தி, பிளக்கின் நிறம் பார்த்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். லீன் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினால் பிஸ்டன்தான் போகும். பிளக்கை ஒரு படி குளிர்ச்சியாக, என்ஜிகே 8 இருந்த இடத்தில் 9 போடுங்கள்.

அலைக்கோடு

சரி, 760 சிலிண்டர், 84 டோம் என்று முடிவு செய்கிறேன். பெட்ரோல்-ஆயில் விகிதம் 50-க்கு 1-லேயே இருக்கலாமா? பைப்பை எப்போது மாற்றுவது?

இரட்டைப்பிஸ்டன்

40-க்கு 1 வையுங்கள், லிட்டருக்கு 25 மி.லி. முதல் இரண்டு டேங்க் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மி.லி. ஒன்றை மறக்க வேண்டாம்: அதே ஜெட் வழியே ஆயில் கூடுதலாகப் போனால் பெட்ரோல் குறைவாகப் போகும், கலவை லீனாகும். எனவே விகிதத்தை முடிவு செய்து 40-க்கு 1-இல் நின்ற பிறகே ஜெட்டில் கை வையுங்கள். ஓட்டப்பழக்கும் இரண்டு டேங்கிலும் பெரிய ஜெட்டே இருக்கட்டும், முழுத் திராட்டில் வேண்டாம்.

பைப்பைப் பொறுத்தவரை, இந்தக் கட்டமைப்பில் சிலிண்டரைவிடப் பெரிய வித்தியாசம் தருவது அதுதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் ஜெட் தவறா, பைப்புக்குள் போகும் தண்ணீரின் அளவைத் திருத்தும் ஸ்க்ரூ தவறா என்று கண்டுபிடிக்க முடியாது. பழைய பைப்போடு பிளக் சரியான நிறத்துக்கு வந்த பிறகு மாற்றுங்கள். மாற்றிய அன்று மெயின் ஜெட்டை மறுபடி ரிச்சுக்கு ஏற்றிவிட்டே தண்ணீரில் இறக்குங்கள்.