முதல் பருவ அரியர்: அடிப்படைக் கணக்கைத் தனியாக நடத்துவதா, பாடத்தோடு சேர்த்தே நடத்துவதா?

தருமபுரி கணக்கு ஆசிரியர்:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகக் கணிதம் நடத்தி வருகிறேன். இயற்பியல், வேதியியல் படிக்க வரும் முதலாண்டு மாணவர்களில் பலர் துணைப்பாடக் கணிதத்தில் முதல் பருவத்திலேயே அரியர் வைத்துவிடுகிறார்கள். அதைச் சுமந்துகொண்டே மூன்றாம் ஆண்டுவரை வருகிறவர்களும் உண்டு. நடுவிலேயே ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. வரும் ஆண்டு சேர்க்கை முடிந்தவுடன் ஒரு தேர்வு வைத்து, குறைந்த மதிப்பெண் எடுப்பவர்களைத் தனியே பிரித்து, மூன்று மாதம் பள்ளிக் கணக்கை நடத்திவிட்டுப் பிறகு பாடத்துக்குள் அழைத்துவரலாம் என்று துறையில் ஒரு யோசனை இருக்கிறது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இதைப் போன்ற வகுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்திவிட்டு மாற்றியமைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏன் மாற்றினார்கள்? அதில் நமக்கு எது பொருந்தும்?

பர்கூர்க்காரன்:

ஐயா, நான் இப்போது நியூயார்க்கில் புள்ளியியல் கற்பிக்கிறேன். இங்கே சமுதாயக் கல்லூரி என்பது பள்ளி முடித்த எவரும் சேரக்கூடிய, இரண்டாண்டுப் பட்டம் தரும் பொதுக் கல்லூரி. நம் ஊரில் அந்தப் பெயரில் நடக்கும் தொழிற்பயிற்சி வகுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்ந்தவுடன் ஒரு தேர்வு வைப்பார்கள். அதில் தவறியவர்கள், பட்டத்துக்குக் கணக்கில் சேராத முன்தயாரிப்புப் பாடங்களை ஒன்றிரண்டு பருவங்கள், சிலர் மூன்று பருவங்கள்கூடப் படித்தாக வேண்டும் என்பதுதான் பழைய முறை.

2010இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கணிதத்தில் இவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அந்த வரிசையை முழுதாக முடித்தார்கள். எல்லோரும் தேர்வில் தோற்று வெளியேறவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு படியில் தேறியவர்களே அடுத்த படிக்குப் பெயர் பதியாமல் நின்றுவிட்டார்கள். வேறு சிலர் முதல் வகுப்பிலேயே கால் வைக்கவில்லை. 2013இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கல்லூரிகளில், அடிப்படை இயற்கணிதம் தேவை என்று ஒதுக்கப்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். அடிப்படை இயற்கணித வகுப்பில் அமர்ந்தவர்களில் 39 சதவீதத்தினர் தேறினார்கள். நேராகக் கல்லூரிப் புள்ளியியலில் அமரவைத்து, வாரந்தோறும் கூடுதலாக ஒரு பயிற்சி வகுப்பும் கொடுக்கப்பட்டவர்களில் 56 சதவீதத்தினர் தேறினார்கள். கடினமான பாடத்தில் கூடுதல் தேர்ச்சி! கலிபோர்னியா 2017இல் சட்டமே இயற்றி, பள்ளி மதிப்பெண்ணைக் கருத்தில் கொண்டே மாணவர்களுக்கு வகுப்பு ஒதுக்க வேண்டும் என்று கல்லூரிகளைக் கட்டுப்படுத்தியது. ஆகவே மூன்று மாதத் தனி வகுப்பு வேண்டாம் என்பேன்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, கிருஷ்ணகிரி:

நுழைவில் வைக்கும் அந்தத் தேர்வைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அமெரிக்காவிலேயே அத்தகைய தேர்வுகள் கணிதத்தில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரையும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரையும் பெரும் பிழையாகத் தவறான வகுப்பில் போட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் விஷயத்தில் பிழை இன்னும் கூடும். பிளஸ் டூவரை வகையீடு, தொகையீடு, அணி என்று தமிழில் படித்த மாணவி, கல்லூரியில் டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன், மேட்ரிக்ஸ் என்று முதன்முறை கேட்கும்போது திகைத்து நிற்கிறாள். தேர்வுத்தாள் ஆங்கிலத்தில் இருந்தால், கணக்குத் தெரிந்த பெண்ணைத் தெரியாதவள் என்று எழுதிவைத்துவிடுவோம். தளி, அஞ்செட்டிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இது மூன்றாவது மொழி. முதலில் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பாருங்கள். இருமொழிச் சொற்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுங்கள். அதன் பிறகும் எவர் தடுமாறுகிறார் என்று பார்த்து முடிவு செய்யலாம்.

தேன்கனிக்கோட்டை பழைய மாணவன்:

எங்களை ஒருமுறை அவ்வாறு பிரித்து அமரவைத்தார்கள். அந்த அறைக்கு மற்ற மாணவர்கள் வைத்த பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. இரண்டாம் வாரம் பாதிப் பேர் வரவில்லை. நானும் மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டேன், அடுத்த ஆண்டுதான் திரும்பினேன்.

பாலக்கோடு வாசகர்:

பர்கூர் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். டென்னசி மாநிலம் 2015இல் தனி வகுப்புகளை விட்டுவிட்டு, பாடத்தோடு துணை வகுப்பையும் சேர்த்து நடத்தும் முறைக்கு முழுமையாக மாறியது. அந்தத் தொடக்கப் பாடத்தில் தேர்ச்சி உயர்ந்தது. பட்டம் முடித்தவர் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க உயர்வை ஆய்வாளர்கள் காணவில்லை. பட்டம் வரை கொண்டுசென்ற திட்டம் வேறு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய அத்திட்டத்தில் முழுநேரப் படிப்பு கட்டாயம். ஆலோசகரை அடிக்கடி சந்தித்தாக வேண்டும். பயண அட்டை, பாடநூல் உதவி உண்டு. உதவித்தொகை போகக் கட்டணத்தில் மீதமிருக்கும் தொகையையும் கல்லூரியே ஏற்றது. முன்தயாரிப்பு தேவைப்பட்ட மாணவர்களில் மூன்றாண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்கள் 40 சதவீதமும் மற்றவர்கள் 22 சதவீதமும் பட்டம் பெற்றார்கள். நம்மிடம் பஸ் பாஸ் இருக்கிறது, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியே மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இரண்டு நாள் வராத மாணவனைக் கூப்பிட்டு ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பதற்கென்று ஓர் ஆள்தான் இல்லை.

தருமபுரி கணக்கு ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. பிரித்து அமரவைக்கும் யோசனையை நானே துறையில் எதிர்த்துப் பேசப்போகிறேன். சொற்பட்டியலுக்கு அம்மா உதவினால் ஜூன் மாதத்துக்குள் அச்சடித்துவிடலாம். ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. எங்கள் முதல் சுழற்சி ஒரு மணிக்கு முடிகிறது. பென்னாகரம், ஏரியூர்ப் பக்கம் போகிறவர்கள் அந்த நேரத்துப் பேருந்தை விட்டால் வீடு சேர மாலையாகிவிடும், பலருக்குப் பிற்பகல் வேலையும் உண்டு. வாரம் இரண்டு மணி நேரத் துணை வகுப்பைக் கால அட்டவணைக்கு உள்ளேயே எந்தப் பாடவேளையில் நுழைத்தீர்கள் என்று, இதை எங்காவது நடத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.