ஃப்ளோராவும் தாவரம், வெஜிடேஷனும் தாவரமா? (வெள்ளிக்குள் சொல் வேண்டும்)

தொகுப்பாளர், சென்னை. திங்கள் காலை

குழுமத்தாருக்கு வணக்கம்.

தாவரப் பன்மயம், காப்பு பற்றிய கருத்தரங்குக்கு வந்த ஆய்வுச் சுருக்கங்கள் தமிழிலும் அச்சாகின்றன. வெள்ளி மாலை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு வரி இப்படி வந்து நிற்கிறது:

“இப்பகுதியின் தாவரங்கள் வளமாக உள்ளன. ஆனால் தாவரங்கள் பெரிதும் சீரழிந்துள்ளன.”

மூலத்தில் முதல் தாவரம் ஃப்ளோரா. இரண்டாம் தாவரம் வெஜிடேஷன். பள்ளிப் புவியியல் நூலில் வெஜிடேஷன் ‘இயற்கைத் தாவரங்கள்’ ஆகியிருக்கிறது. அதை எடுத்தாலும் முரண் தீராது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். அது கூட்டுச்சொல்லிலும் நிற்க வேண்டும்: வெஜிடேஷன் வரைபடம், வெஜிடேஷன் குறியீட்டெண், நீர்நிலை வெஜிடேஷன், வெஜிடேஷன் கவர்.

கள ஆய்வாளர், புதுச்சேரி. திங்கள் மாலை

வேறுபாட்டைக் களத்தில் வைத்துச் சொல்லிவிடுகிறேன். சொல்லை அப்புறம் தேடலாம்.

கடற்கரைப் பக்கத்து உலர் பசுமைமாறாக் காட்டில் பத்துக்குப் பத்து மீட்டரில் ஒரு பிளாட் (கணக்கெடுக்கும் சதுரம்) போட்டுக் கயிறு கட்டியாயிற்று. உள்ளே என்னென்ன உண்டு என்று பெயர் எழுதினால், வீரை, உலக்கைப்பாலை, காரை, சூரை என்று பட்டியல் வரும். அது ஃப்ளோரா. அதே பிளாட்டில் ஒவ்வொன்றும் எத்தனை, எவ்வளவு பருமன், எந்த அடுக்கில் நிற்கிறது, தரையில் எவ்வளவை மூடுகிறது என்று எழுதினால் அது வெஜிடேஷன். மரத்துக்கு 1.37 மீ. உயரத்தில் நாடா பிடிக்க வேண்டும், 30 செ.மீ. சுற்றளவுக்குக் குறைந்ததை மரக்கணக்கில் சேர்க்காமல் விடுவது பலர் வழக்கம். புதரை எண்ண அதே பிளாட்டுக்குள் 5 × 5 மீ., புல்பூண்டுக்கு 1 × 1 மீ.

இப்போது ஒரு சீமைக்கருவேலங்காட்டைப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சைப் பசேல் என்றிருக்கும். இறங்கிப் பட்டியல் எடுத்தால் ஒரு விரற்கணக்கில் முடியும். வெஜிடேஷன் அடர்த்தி, ஃப்ளோரா வறுமை. நீங்கள் கேட்ட வெஜிடேஷன் குறியீட்டெண்களில் ஒன்றான என்டிவிஐ, செயற்கைக்கோள் பதிவில் அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வருவது; −1 முதல் +1 வரை. அதற்கு வீரையும் தெரியாது, சீமைக்கருவேலும் தெரியாது, பச்சை மட்டும் தெரியும். அதைத் ‘தாவரக் குறியீட்டெண்’ என்று எழுதினால் எத்தனை வகைச் செடி என்று எண்ணியதாகப் படிப்பவர் நினைப்பார்.

‘தாவரக் குழுமம்’ என்று யாரும் முன்மொழிய வேண்டாம். அது வேறு. 1910இல் பிரசெல்ஸில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு தாவரக் கூட்டம் ஒன்றை வரையறுக்க மூன்று நிபந்தனை வைத்தது: திட்டமான இனக்கலவை, ஒரே சீரான தோற்றம், ஒரே சீரான வாழிடம். மூன்றும் பொருந்தினால்தான் அதற்குப் பெயர். வெஜிடேஷனுக்கு அப்படி நிபந்தனை ஏதும் இல்லை. ஓடைக்கரை நாணலும் வெஜிடேஷன்தான்.

சொல்லாய்வாளர், மதுரை. திங்கள் இரவு

முதலில் ஒன்று. ‘தாவரம்’ என்பதே ஸ்தாவரம். நகராதது. அதற்கு ‘நிலைத்திணை’ என்ற நல்ல சொல் இருக்க, இரவல் சொல்லின் மேல் மாடி கட்டுவானேன்?

வெஜிடேஷனின் வேர் இலத்தீனில் உயிர்ப்பூட்டல், தழைக்கச் செய்தல். நம்மிடம் தழை, தழைத்தல், தழைவு இருக்கின்றன. தளிரும் தழைப்பும் உடன்பிறப்பு என்பேன். ‘தாள்’ கூட அந்தக் குடும்பமோ என்று ஓர் ஐயம் உண்டு. அதைத் தனி மடலில் விரிக்கிறேன். ஆகவே வெஜிடேஷன் = தழையம். தழைய வரைபடம், தழையக் குறியீட்டெண், நீர்த்தழையம். எங்கும் இடிக்கவில்லை.

வேளாண் விரிவாக்கப் பணியாளர், தஞ்சை. செவ்வாய்

மதுரை ஐயாவுக்கு வணக்கம். எங்கள் பக்கம் இடிக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூட்டை மூட்டையாகச் சொல்லிப் பழகிய ஊர் இது. ‘தழையக் குறியீட்டெண் குறைந்துள்ளது’ என்று படித்தால் விவசாயி யூரியா வாங்கப் போய்விடுவார். தழையுரம் வேறு இருக்கிறது. இந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது ஐயா, ஓய்வில் இல்லை.

சொல்லாய்வாளர், மதுரை. செவ்வாய்

சரி, தழையத்தை விடுகிறேன். அதைவிடப் பழைய சொல் ஒன்று கையிலேயே இருக்கிறது. திணை.

நிலமும், அதில் நிற்கும் மரமும் பூவும், அங்கே மேயும் மாவும் (விலங்கும்) சேர்ந்த ஒன்றுக்குத் தமிழன் வைத்த பெயர் அது. தொல்காப்பியக் கருப்பொருள் வரிசையில் ‘தெய்வம் உணாவே மா மரம் புள் பறை’ என்று மரம் வெளிப்படையாகவே வருகிறது. நம் தொகுப்பாளர் கேட்ட ‘சீரழிந்த வெஜிடேஷனுக்கு’ இளங்கோவடிகளே வரி எழுதி வைத்திருக்கிறார்:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

ஒரு நிலத்தின் மரஞ்செடி தன் இயல்பு இழந்து இன்னொன்றாக மாறுவதை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வுச் சுருக்கம் சொல்லும்? திணை வரைபடம். திணைச் சீரழிவு. நீர்த்திணை. முடிந்தது.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம். செவ்வாய் இரவு

வணக்கம் ஐயா. மேற்கோள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் இலங்கையில் திணைக்களம் என்றால் அரச அலுவலகம். வனப் பாதுகாப்புத் திணைக்களம், விவசாயத் திணைக்களம் என்று நாளாந்தப் பாவனையில் உள்ளது. ‘திணை வரைபடம்’ என்றால் எந்த அலுவலகத்தின் வரைபடம் என்றே எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள்.

இன்னொன்று. உங்கள் சுருக்கங்களில் ‘சிற்றினம்’, ‘பேரினம்’ என்று இருக்கிறது. இங்கே ‘இனம்’, ‘சாதி’. ‘மூன்று சாதிகள் அருகிவிட்டன’ என்று நாங்கள் எழுதினால் தமிழகத்தில் என்ன விளங்கிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. சொல் செய்யும்போது இரு கரையையும் மனதில் வைத்தால் நல்லது.

மெய்ப்புத் திருத்துநர், திருச்சி. புதன்

திணைக்கு எதிராக என் தொழில்முறை வாக்கு. எழுத்தர் கையில் பாதி இடத்தில் அது ‘தினை’ ஆகிவிடும். பிழைதிருத்தி மென்பொருளுக்கு இரண்டுமே சரியான சொல். ‘நீலகிரியின் தினை அழிந்துவருகிறது’ என்று அச்சானால் சிறுதானிய ஆர்வலர்கள்தான் முதலில் கடிதம் போடுவார்கள். போதாததற்கு இலக்கணத்தில் செடிகொடி எல்லாம் அஃறிணை. ‘அஃறிணைத் திணை’ என்று ஒரு வரி வந்தால் நான் விடுப்பில் போய்விடுவேன்.

தாவரவியல் ஆசிரியை, கோவை. புதன்

திணையில் எனக்கு வேறொரு தடை. திணை ஐந்து; ஐந்தும் நிரம்பிவிட்டன. குறிஞ்சித் திணைக்குள்ளேயே சோலையும் புல்வெளியும் இரண்டு வேறு வெஜிடேஷன். திணைக்குப் பெயர் கொடுத்த நீலக்குறிஞ்சி சோலைக்குள் பூப்பதில்லை; 2018இல் மலை நீலமானது புல்சரிவுகளில்தான். ஒரு சொல்லுக்குள் இரண்டையும் போட்டால் மாணவிக்கு முதல் பாடத்திலேயே குழப்பம்.

(இதற்கிடையில் நம் ‘சோலை’ உலகத் தாவரவியலில் ‘ஷோலா’ என்று கலைச்சொல்லாகவே ஏறிவிட்டது. நாம்தான் அதைப் பூங்காவுக்கும் திருமண மண்டபத்துக்கும் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறோம்.)

ஃப்ளோராவைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு இரண்டு பொருள்: ஓரிடத்தின் தாவர இனங்கள் எல்லாம், அவற்றை விவரிக்கும் நூல். தாவரவியலாளர் கேம்பிள் 1915இல் தொடங்கி, ஃபிஷர் கையில் 1936இல் நிறைவடைந்த சென்னை மாகாணத்து ஃப்ளோரா இரண்டாம் பொருள். ஒரே சொல் இரண்டையும் தாங்க வேண்டுமானால் தாவரத்தொகை என்கிறேன். குறுந்தொகை, கலித்தொகை போல: திரட்டும் அதுவே, நூலும் அதுவே.

மெய்ப்புத் திருத்துநர், திருச்சி. புதன்

அம்மா, மக்கள்தொகை என்றால் எண்ணிக்கை. தாவரத்தொகை என்றால் எத்தனை செடி என்று கேட்பார்கள்.

தாவரவியல் ஆசிரியை, கோவை. புதன்

தெரியும். ‘தாவரத் தொகுதி’ என்றால் இடைத்தேர்தல் எப்போது என்று கேட்பார்கள். எதற்குத்தான் கேட்க மாட்டார்கள்?

கள ஆய்வாளர், புதுச்சேரி. வியாழன் காலை

புழக்கத்தில் இருப்பதையும் பார்ப்போம். தாவரப் போர்வை என்று சிலர் எழுதுகிறார்கள், கேட்டதும் புரிகிறது. இந்த ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961இல் கன்னியாகுமரித் தாளோடு தொடங்கிய பத்து லட்சத்துக்கு ஒன்று அளவு வரைபடங்களைத் ‘தாவரப் போர்வை வரைபடம்’ என்று சொன்னால் யாருக்கும் ஐயம் வராது. சிக்கல் ஒன்றுதான். வெஜிடேஷன் கவர் என்னும்போது அது போர்வையின் போர்வை ஆகிவிடும்.

கவர் என்பதற்குக் களத்தில் துல்லியமான பொருள் உண்டு: செடியின் தலைப்பகுதி நேர்கீழே தரையில் விழுத்தும் பரப்பு, விழுக்காட்டில். உச்சிவெயில் நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து கவிவதால் கவிப்பு என்கிறேன். தாவரப் போர்வையின் கவிப்பு. சிக்கல் அவிழ்ந்தது.

இது வெறும் சொல்லழகு இல்லை. கவிப்பை அடுக்கடுக்காக எடுக்கிறோம். மரம் 80, புதர் 40, புல்பூண்டு 30 என்றால் கூட்டினால் 150. அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று கவிவதால் நூறைத் தாண்டுவது இயல்பு. ‘மூடிய பரப்பு 150 விழுக்காடு’ என்று மொழிபெயர்த்தால் நல்ல மனமுள்ள மெய்ப்புத் திருத்துநர் அதை 100 ஆக்கிவிடுவார், ஆய்வு போயிற்று. ‘கவிப்பு’ என்று அறிமுகமில்லாத சொல் இருந்தால் கை வைக்குமுன் ஒரு கணம் நிற்பார்.

திருச்சி நண்பருக்கு இன்னொரு வேண்டுகோள். கவிப்பை எண்ணாலும் குறியாலும் காட்டும் பிரான்-பிளாங்கே அளவுகோல் உள்ள அட்டவணைகளில் 5 என்றால் முக்கால் பங்குக்கு மேல் கவிப்பு, 4 அரை முதல் முக்கால், 3 கால் முதல் அரை, 2 ஐந்து விழுக்காட்டிலிருந்து கால், 1 ஐந்துக்குக் கீழ். அதற்கும் கீழே கூட்டல் குறி: சிலவே, கவிப்பு அற்பம். ‘ஆர்’ என்ற எழுத்து வந்தால் மிக அரிது, பெரும்பாலும் ஒற்றைச் செடி. கூட்டல் குறியை அச்சுக்கறை என்று நீக்கிவிடாதீர்கள். எண்களை விழுக்காடு என்று நினைத்து அருகில் குறியும் போட்டுவிடாதீர்கள்.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம். வியாழன்

போர்வை விளங்கும். கவிப்பும் விளங்கும். ஆனால் தேரி மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பவற்றையும் போர்வை என்பதோ? ஐந்து விழுக்காடு மூடினால் அது கிழிசல்.

கள ஆய்வாளர், புதுச்சேரி. வியாழன்

கிழிந்தாலும் போர்வைதான் அம்மா. எவ்வளவு கிழிசல் என்று சொல்லத்தானே கவிப்பு.

சொல்லாய்வாளர், மதுரை. வியாழன் இரவு

போர்வை என்பது உவமை. உவமை கலைச்சொல் ஆகாது. போர்வையை எடுத்துவிட்டால் கீழே நிலம் அப்படியே இருக்கும். வெஜிடேஷனை எடுத்துவிட்டால் மண்ணே இருக்காது, ஒரு பருவமழை போதும். மேலிருந்து பார்ப்பவன் சொல் அது. அடுக்கும் உயரமும் அதில் எங்கே? வேர் எங்கே?

மேலைநாட்டு ஆய்வாளர்களே கூட வெஜிடேஷன் என்ற சொல்லில் உறுதியாக இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். 1948இல் தொடங்கிய ‘வெஜிடேஷியோ’ என்ற ஆய்விதழ் 1997இல் ‘பிளான்ட் ஈகாலஜி’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

தாவரவியல் ஆசிரியை, கோவை. வியாழன் இரவு

மண் அரிப்பு பற்றி ஐயா சொன்னது சரி. அதுதான் போர்வைக்கு எதிராக இதுவரை வந்த ஒரே நல்ல வாதம். அடுக்கைக் காட்ட ‘தாவரக்கட்டு’ என்று யோசித்தேன், உடற்கட்டு போல. கீரைக்கட்டு நினைவுக்கு வந்ததும் கைவிட்டேன். இரவு பதினொன்று ஆகிறது. போர்வைக்கு என் வாக்கு.

தொகுப்பாளர், சென்னை. வெள்ளி காலை

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதிப்பில் இவ்வாறு போகிறது:

வெஜிடேஷன்: தாவரப் போர்வை. கவர்: கவிப்பு. ஃப்ளோரா: இனங்களைக் குறிக்கும் இடத்தில் ‘தாவர இனங்கள்’, நூலைக் குறிக்கும் இடத்தில் ‘தாவரத்தொகை’. இரண்டு சொல் ஆனதற்கு மன்னிக்கவும். சிற்றினம் தமிழகத்துக்கும் இனம் ஈழத்துக்கும் இருப்பதால் முகப்பில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன். ‘சாதி’யைத் தொடவில்லை.

அந்த வரி இப்போது: “இப்பகுதியின் தாவர இனங்கள் வளமானவை, தாவரப் போர்வை பெரிதும் சீரழிந்துள்ளது.”

சொல்லாய்வாளர், மதுரை. வெள்ளி

பெரும்பான்மைக்கு வணக்கம். உடன்படவில்லை. அடுத்த இதழுக்கு நான் தரும் கட்டுரையில் ‘திணை’ என்றே எழுதுவேன். திருத்தக்கூடாது.

மெய்ப்புத் திருத்துநர், திருச்சி. வெள்ளி

திருத்த மாட்டேன் ஐயா. ஆனால் இந்த மடலின் இணைப்பில் கட்டுரைத் தலைப்பை ‘நெய்தல் தினை’ என்று அனுப்பியிருக்கிறீர்கள். அப்படியே விடவா?