பெங்களூரு டிராஃபிக்குக்கு உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா?

ஒயிட்ஃபீல்டு வெற்றி:
பெட்ரோல், ஆட்டோமேட்டிக், ஆன்ரோடு 15 லட்சத்துக்குள். ஓட்டம் தினமும் ஒயிட்ஃபீல்டு – கோரமங்களா, மாசம் ரெண்டு தடவை சேலம். கையில் இருக்கும் பட்டியல்: டாடா நெக்ஸான், மஹிந்திரா 3எக்ஸ்ஓ, ஸ்கோடா கைலாக். வீட்டில் பாதிப்பேர் "நம்ம நாட்டுக் கம்பெனிதான்"ங்கறாங்க, மீதிப்பேர் "வெளிநாட்டு வண்டிதான் கெட்டி"ங்கறாங்க. எதை வச்சு முடிவு பண்றது?

அல்சூர்க்காரன்:
யோசிக்கவே வேண்டாம், டாடா இல்லன்னா மஹிந்திரா. காரை பத்து வருஷம் வச்சுக்கப் போறீங்க. அத்தனை வருஷமும் கம்பெனி இங்க இருக்கணும். செவ்ரோலே 2017-ல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் கையை விரித்தது. அன்னைக்கு வரைக்கும் நல்ல விலைக்குப் போன வண்டிக்கு மறுநாள் பழைய கார் தரகர் வாய்க்கு வந்த விலை சொல்றார். டாடாவும் மஹிந்திராவும் எங்க ஓடிப்போகும்? பாதுகாப்பும் பாருங்க. இந்தியாவில் செய்த கார்களில் மோதல் சோதனையில் முதல் ஐந்து நட்சத்திரம் வாங்கினது 2018-ல் நெக்ஸான்தான்.

டிஎஸ்ஐ தம்பி:
அல்சூர் அண்ணே, "நம்ம நாட்டுக் கம்பெனி"க்கு ஒரு வரையறை சொல்லுங்க. எல்லாரும் நம்ம வண்டின்னு நினைக்கிற மாருதியில் 58 சதவீதத்துக்கு மேல் ஜப்பான் சுசுகி கையில் இருக்கு. மாருதி விற்கிற கிராண்ட் விட்டாரா நம்ம பிடதியில் டொயோட்டா ஆலையில் உருவானது. டாடா ஹாரியரை எடுத்துக்கங்க: டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைச்சது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஹூண்டாய் குழுமத்தோடது, அடித்தளம் லேண்ட் ரோவரிலிருந்து வந்தது. லேண்ட் ரோவரோ 2008-லிருந்து டாடாவோடது! இதில் சுதேசி எங்க, விதேசி எங்க?

கைலாக்கைக் கட்டுறது புனே பக்கத்துச் சாகனில். நெக்ஸானும் அதே புனே பக்கம் ரஞ்சன்காவ்னில். நட்சத்திரக் கணக்கும் 2018-லேயே நிக்கல. இன்னைக்கு வெற்றி சொன்ன மூணு வண்டிக்கும் ஐந்து நட்சத்திரம் இருக்கு.

ஓடிப்போற கதைக்கு வருவோம். விற்பனையை நிறுத்தினாலும் சர்வீஸும் பாகங்களும் ஃபோர்டு கொடுத்துக்கிட்டுதான் இருக்கு. உள்நாட்டுக் கம்பெனி ஊரை விட்டுப் போகாது, சரி. ஆனா மாடலை நிறுத்திடும். டாடா ஹெக்ஸா, ஆரியா, மஹிந்திரா கேயூவி100 எல்லாம் எங்க? அம்பாசடரை விட உள்நாட்டு வண்டி உண்டா? 2014-ல் அந்த ஆலையே மூடிப்போச்சு.

வில்சன்கார்டன் பட்டறை:
ரெண்டு பேரும் பேட்ஜைப் பாத்துச் சண்டை போடுறீங்க. சில்க்போர்டு நெரிசல்ல பேட்ஜ் சூடாகாது, கிளட்ச்தான் சூடாகும். வெற்றி தம்பி ஆட்டோமேட்டிக் கேட்டிருக்காரு, அதனால முதல்ல கியர்பாக்ஸைப் பாருங்க.

நாலு வகை இருக்கு. ஏஎம்டி: சாதா மேனுவல் பாக்ஸ்தான், கிளட்சை மிதிக்கிறதையும் கியர் மாத்துறதையும் நமக்குப் பதிலா மோட்டார் செய்யும். விலை குறைவு, ஆனா கியர் மாறும்போது தலை ஆடும். சிவிடி: படிப்படியான கியரே இல்லாம பெல்ட்ல ஓடுறது, ஊருக்குள்ள வெண்ணெய் மாதிரி இருக்கும், இந்த மூணு வண்டியிலயும் கிடையாது, விடுங்க. மூணாவது டூயல் கிளட்ச், ரெண்டு கிளட்ச் மாத்தி மாத்திப் பிடிக்கும். அதுல உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச்னு ரெண்டு வகை. உலர் கிளட்ச்சுல தட்டு உரசுற சூட்டைக் காத்துதான் எடுக்கணும். மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்ல ஊர்ந்தா காத்து எங்க இருந்து வரும்? அரை கிளட்ச்சுலயே நிக்கும், மேம்பால ஏத்தத்துல டிஸ்பிளேல வெப்ப எச்சரிக்கை வரும். ஈரக் கிளட்ச் எண்ணெய்ல நனைஞ்சு சுத்தும், சூட்டை எண்ணெய் எடுத்துக்கும். நெக்ஸான் பெட்ரோல்ல வர்ற 7 கியர் டிசிஏ இந்த வகை. நாலாவது டார்க் கன்வெர்ட்டர். இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல திரவந்தான், ஊர்ந்து போக உரசித் தேயுற கிளட்ச்சே இல்ல. அவுட்டர் ரிங் ரோடு நெரிசலுக்கு இதுதான் என் ஓட்டு.

இப்ப வேடிக்கையைக் கேளுங்க. 3எக்ஸ்ஓல வர்ற 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஐசின். கைலாக்ல வர்ற 6 கியரும் ஐசின். ரெண்டுமே ஜப்பான் கம்பெனிப் பாக்ஸ். சுதேசி கட்சியும் விதேசி கட்சியும் ஒரே கடையில சாப்பிட்டுட்டு வாசல்ல அடிச்சுக்கிறீங்க.

டிஎஸ்ஐ தம்பி:
பட்டறை அண்ணன் வெளுத்துட்டார் 😄 ஒரு சந்தேகம். கியா சோனெட், ஹூண்டாய் வென்யூவில் 1.0 டர்போவோட வர்ற 7 கியர் டூயல் கிளட்ச் (டிசிடி) உலர் வகைதானே? அதை வாங்கினவங்க என்ன பண்ணணும்?

வில்சன்கார்டன் பட்டறை:
உலர்தான். ஓட்டுற விதத்தை மாத்திக்கணும். முன்வண்டி அசைஞ்சதும் அங்குலம் அங்குலமா ஒட்டிக்கிட்டே உருட்டக் கூடாது. ரெண்டு கார் நீளம் விட்டு, ஒரே மூச்சா போய், பிரேக்கை முழுசா மிதிச்சு நிறுத்தணும். பிரேக்கை அரைகுறையா வச்சா கிளட்ச் பாதி பிடிச்சபடி தேயும். ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை லேசாத் தொட்டு வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் அறவே கூடாது. சிக்னல்ல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும்னா நியூட்ரல்.

அல்சூர்க்காரன்:
மாரத்தஹள்ளியில் ரெண்டு கார் நீளம் விட்டா நாலு ஸ்கூட்டரும் ஒரு ஆட்டோவும் குடியேறிடும். நடக்கிற காரியமா அண்ணே?

கியர்பாக்ஸ் சமம்னே வச்சுக்குவோம், இன்ஜின்? கைலாக்கின் 1.0 டிஎஸ்ஐ நேரடி இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்படுது, காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வைக் கழுவ ஒண்ணும் வராது. ஊர்ந்து ஊர்ந்து ஓடுற வண்டியில் வால்வுக்குப் பின்னால் கரி படியும். 70,000, 80,000 கிலோமீட்டரில் வண்டி நிக்கும்போது இன்ஜின் நடுங்கும், இழுவை குறையும், இன்ஜின் தலையைத் திறந்து சுத்தம் செய்யணும். நெக்ஸானின் 1.2 டர்போவில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே பீச்சப்படுது, அந்தத் தொல்லை இல்லை.

டிஎஸ்ஐ தம்பி:
கரி படியறது உண்மை, மறுக்கல. அதுக்குத் தலையைத் திறக்க வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினாலே வால்வு தெரியும். தேசபக்திக்கும் இதுக்கும் சம்பந்தமும் இல்ல: மஹிந்திராவோட 130 பிஎஸ் டிஜிடிஐயும் நேரடி இன்ஜெக்‌ஷன்தான். மாசம் ரெண்டு சேலம் ஓட்டத்தில் இன்ஜின் நல்லாச் சூடாகி ஓடுறதே பாதி மருந்து.

நெடுஞ்சாலைன்னு வந்ததால சொல்றேன். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். அங்க வண்டி தரையைப் பிடிச்சு நிக்கிறது, பிரேக் மிதியின் உணர்வு, ஸ்டியரிங் கனம், இதெல்லாம் ஐரோப்பிய வண்டியில் ஒரு படி மேலதான்.

வில்சன்கார்டன் பட்டறை:
தலையைத் திறக்க வேண்டாங்கறது சரி. இன்னொண்ணு தம்பி, தொப்பூர் இறக்கத்துல எந்த நாட்டு வண்டின்னாலும் கியரை டி-லயே (டிரைவ்) விட்டுட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போனா பேட் காய்ஞ்சுடும். மேனுவல் மோடுல மூணாவது கியர், முன்னால லாரி இருந்தா ரெண்டாவது.

அல்சூர் அண்ணன் சொல்லாம விட்ட ஒரு பாயிண்ட் நான் சொல்றேன்: தரை இடைவெளி. நெக்ஸான் 208 மி.மீ., 3எக்ஸ்ஓ 201, கைலாக் 189. இதெல்லாம் ஆள் ஏறாத கணக்கு. அஞ்சு பேரும் சேலத்து மாம்பழப் பெட்டியும் ஏறினா எந்த வண்டியும் இன்னும் தாழும். லேஅவுட்டுக்காரங்க ராத்திரியோட ராத்திரியா சிமெண்ட்ல கட்டுற வேகத்தடைக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு. அகலத்துல முதல் ரெண்டும் இடம் மாறும்: 3எக்ஸ்ஓ 1821, நெக்ஸான் 1804, கைலாக் 1783. பின்சீட்டுல மூணு பேர் உக்கார்றதுன்னா முதல் ரெண்டு, சந்துல திருப்பணும்னா கடைசி.

ஜெயநகர் ஜானகி:
வண்டி எந்த நாட்டுதுன்னு வரி ஆபீஸ் கேட்கறதில்ல, நீளத்தையும் சிசியையும் விலையையும்தான் கேட்குது. 2025 செப்டம்பர் 22-லிருந்து, 4 மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் 1200 சிசிக்கும் டீசல் 1500 சிசிக்கும் மிகாத காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். எதையாவது மீறினா 40. இந்த மூணு வண்டியும் 18-க்குள் வருது.

கர்நாடக ஆயுள்கால வரிதான் பலரும் சறுக்குற இடம். 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதம், 10-க்கு மேல் 20 வரை 17. தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, முழு விலைக்கும் 17. எக்ஸ்ஷோரூம் 9,90,000 ரூபாய்னா வரி 1,38,600. 10,10,000 ஆயிட்டா 1,71,700. சன்ரூஃபுக்காக 20,000 கூடக் கொடுக்கப் போய், வரியில் 33,100 கூடப் போகுது. இதுக்கு மேல செஸ் தனி. வேரியன்ட் முடிவு பண்ணும்போது இந்த 10 லட்சக் கோட்டைப் பார்த்துக்கங்க.

யாராவது வந்து "ஒசூரில் பதிவு பண்ணிடு, வரி கம்மி"ன்னு சொல்லுவாங்க, கேட்காதீங்க. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5–10 லட்சத்துக்கு 13, 10–20 லட்சத்துக்கு 18. பத்துக்கு மேல அங்கதான் அதிகம். ஒரு வருஷத்துக்கு மேல வண்டி இங்கயே இருந்தா கர்நாடக வரியும் கட்டணும்.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காதது) எல்லாரும் போடுவாங்க. ஒயிட்ஃபீல்டு பக்கம்னா இன்ஜின் புரொடெக்டும் சேருங்க. பணத்தூர் ரயில் பாலத்தடியில் மழைத் தண்ணி நிக்கிறது தெரிஞ்ச கதை. தண்ணிக்குள் வண்டி நின்னா திரும்ப ஸ்டார்ட் போடவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும், சாதா பாலிசியில் அதுக்குப் பணம் வராது.

மடிவாளா மணி:
அப்ப டீசல்? நெக்ஸான், 3எக்ஸ்ஓ ரெண்டிலும் 1.5 டீசல் இருக்கே. வெளிநாட்டுக் கம்பெனிகள் பலதும் கைவிட்டதை நம்மாட்கள் விடாம வச்சிருக்காங்க. சேலத்துக்கு அதுதான் சரி.

டிஎஸ்ஐ தம்பி:
தினமும் ஊர்ந்து போற வண்டிக்கு டீசலா? புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி, அதான் டிபிஎஃப், அடைச்சுக்கும்.

வில்சன்கார்டன் பட்டறை:
மாசம் ரெண்டு சேலம் இருந்தா டிபிஎஃப் தாங்கும். ஆனா நடுவுல பதினஞ்சு நாள் ஊருக்குள்ள ஓடும்போது வண்டி தானாவே புகைக்கரியை எரிக்க ஆரம்பிக்கும். ஐடில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், மைலேஜ் மீட்டர் சட்டுனு விழும், ஃபேன் இரையும், சூட்டு வாசனை வரும். அந்த நேரத்துல ஆபீஸ் வந்துடுச்சுன்னு அணைச்சுடுவாங்க. அங்கதான் வினை. கரியை எரிக்கக் கூடுதலா பீச்சின டீசல் எரியாம இன்ஜின் ஆயில்ல இறங்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிக்கும். "ஆயில் குறையல, நல்ல வண்டி"ன்னு சந்தோஷப்படாதீங்க, உடனே மாத்துங்க. எரிப்பு தொடங்கிட்டா 60 கிலோமீட்டர் வேகத்துல கால் மணி நேரம் ஓட்டணும். ஒயிட்ஃபீல்டுல சாயங்காலம் அதுக்கு ரோடு எங்க? பெட்ரோலே இருக்கட்டும்.

அல்சூர்க்காரன்:
பாகங்கள் கதையை யாரும் தொடல. டாடா, மஹிந்திராவுக்கு ஜே.சி. ரோட்டில் ஃபில்டர், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், எது கேட்டாலும் நாலு கடையில் கிடைக்கும். ஸ்கோடாவுக்குக் கம்பெனி கவுன்டர்தான், சொன்ன விலைதான்.

டிஎஸ்ஐ தம்பி:
ஃபில்டர், பேட் எல்லாத்துக்கும் வெளியிலும் கிடைக்குது அண்ணே. பாடி பாகம், சென்சார், இன்ஜின் கம்ப்யூட்டர்னு வந்தா எல்லா வண்டிக்கும் கம்பெனி கவுன்டர்தான். உள்நாட்டு வண்டிகள் மேல இருக்கிற பொதுவான புகாரே வேற. இன்ஜின் நல்லா இருக்கும், திரை உறையும், கேமரா கறுக்கும், காரணமில்லாம எச்சரிக்கை விளக்கு எரியும். அதுக்கு எந்த ஜே.சி. ரோட்டில் மருந்து?

அல்சூர்க்காரன்:
அது உண்மைதான். புது மாடல் வந்த முதல் ஆறு மாசத்தில் வாங்கக் கூடாதுன்னு நானே சொல்வேன். டெலிவரி எடுக்கும்போது சாஃப்ட்வேர் கடைசிப் பதிப்பான்னு கேட்டு ஜாப் கார்டில் எழுதி வாங்கணும்.

வில்சன்கார்டன் பட்டறை:
எழுதி வாங்குறதோட, பதிவுக்கு முன்னாடியே யார்டுக்குப் போய் வண்டியைப் பாருங்க. பதிவாயிட்டா அப்புறம் என்ன சொன்னாலும் உங்க வண்டி. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 3225-ன்னா 2025-ல 32-வது வாரம். அஞ்சு டயரும் பாருங்க, ஸ்டெப்னியை மறக்காதீங்க. கண்ணாடிகள்ல போட்டிருக்கிற வருஷக் குறியையும் பாருங்க, ஒண்ணு மட்டும் வேற வருஷம்னா அது மாத்தினது. உற்பத்தி மாசம் படிவம் 21-ல (விற்பனைச் சான்று) இருக்கும், விற்பனையாளர் வாய்ச்சொல்லு வேண்டாம். கதவு ரப்பர், பம்பர் ஓரம் ரெண்டையும் வெயில்ல பாருங்க, ஷோரூம் விளக்குல எல்லா பெயிண்டும் அழகுதான்.

டார்க் கன்வெர்ட்டர் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுளுக்கும் மாத்த வேண்டாம்"னு சொன்னா, யாரோட ஆயுள்னு கேளுங்க. நம்ம ஊரு ஓட்டத்துக்கு 60,000–80,000-ல மாத்துறது நல்லது. வடிச்சு ஊத்தினா ஏறக்குறைய பாதிதான் வெளிய வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ள நிக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ரெண்டாந்தடவையும் வடிச்சு ஊத்தணும்.

ஒயிட்ஃபீல்டு வெற்றி:
எல்லாருக்கும் நன்றி. டீசலை விட்டாச்சு. 3எக்ஸ்ஓவும் கைலாக்கும் மட்டும் இப்போ பட்டியலில். ஞாயிறு காலை டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கேன்.

டிஎஸ்ஐ தம்பி:
ஞாயிறு காலை எந்த வண்டியும் நல்ல வண்டிதான். வெள்ளி சாயங்காலம் ஆறரைக்குக் கேளுங்க. நாலு பேரை ஏத்தி, ஏசியை முழுசா வச்சு, மேம்பால ஏத்தத்தில் நிறுத்தி எடுங்க. கைலாக்கில் 1800 ஆர்பிஎம்முக்குக் கீழ ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், அது உங்களுக்கு ஒத்துவருதான்னு பாருங்க. நானே சொல்லிட்டேன் பாருங்க.

அல்சூர்க்காரன்:
ரெண்டுமே மூணு சிலிண்டர். சிக்னலில் நிக்கும்போது பின்சீட்டில் உக்காந்து அதிர்வைப் பாருங்க. வீட்டில் பின்னால் உக்கார்றவங்கதான் அப்புறம் திட்டுவாங்க.

வில்சன்கார்டன் பட்டறை:
அப்படியே சேல்ஸ் பையனை விட்டுட்டு பாகங்கள் கவுன்டருக்கு நடந்து போங்க. முன் பம்பர், ஒரு ஹெட்லேம்ப், முன்கண்ணாடி, சைடு மிரர். நாலுக்கும் விலை, எத்தனை நாள்ல வரும். கேமரா வச்ச முன்கண்ணாடின்னா, கேமராவைத் திரும்பச் சரிபண்ற கேலிப்ரேஷன் கூலி தனியான்னும் கேளுங்க. பாடி ஷாப்புல பம்பருக்காகக் காத்து நிக்கிற வண்டி எத்தனைன்னு உங்க கண்ணாலயே எண்ணுங்க. ரெண்டு ஷோரூம் கணக்கையும் இங்க போடுங்க, அப்புறம் சண்டையைத் தொடரலாம்.